முன் சீட்டு வெயில்

நடு சீட்டு மடங்க மறுத்தது. மருமகன் ரவூப் ஒரு காலை வேனுக்குள்ளும் மறு காலை வெளியிலும் ஊன்றிக்கொண்டு அதைப் பிடித்து உலுக்கினான். தம்புள்ளை ஆஸ்பத்திரி வாசலில், வெள்ளைத் துணி மூடிய தள்ளுவண்டி காத்து நின்றது. அந்தத் துணிக்கடியில் கிடப்பது தன் கணவர் என்பது நன்றாகத் தெரிந்தும், றாபியாவின் கண் சீட்டின் மேல்தான் போனது. அது ஏன் மடங்கவில்லை?

"அடியில ஒரு கொளுக்கி இருக்கு மகன். அத மேல இழுத்துட்டு அமத்துங்க."

சீட்டு படுத்துக்கொண்டது. றாபியாவுக்கு வெட்கமாகப் போயிற்று. இந்த நேரத்திலும் இப்படி ஒரு புத்தியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் பிறவிக் குணத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது. இத்ரூஸ் அவளுக்குக் கேள்விக்காரி என்றே பேர் வைத்திருந்தார். அவள் கேட்பதில் பாதிக்குப் பதில் சொல்வார். மீதிக்கு வெற்றிலை போட்டுக்கொள்வார்.

மாத்தளையில் பலசரக்குக் கடை வைத்திருந்த இத்ரூஸ், வாராவாரம் வெங்காயமும் செத்தல் மிளகாயும் எடுக்கத் தம்புள்ளைச் சந்தைக்கு வருவார். வேடிக்கை பார்க்க றாபியாவும் தொற்றிக்கொள்வாள். அன்று காலை வெங்காய மூட்டையொன்றில் உட்கார்ந்தவர், "தண்ணி கொஞ்சம் தா" என்றார். அவள் போத்தல் மூடியைத் திருகுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பழைய இருதய நோயாளி என்பதால் ஆஸ்பத்திரியில் அதிகம் இழுத்தடிக்கவில்லை. சேதி கேட்டு மருமகன் ரவூப் மாத்தளையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். ஊரில் கப்ருக் குழி வெட்ட ஆள் போயாயிற்று. மஃரிபுக்கு முன், பொழுது சாய்வதற்குள் அடக்கிவிட வேண்டும் என்பதுதான் எல்லாருடைய பேச்சும்.

வாகனம்தான் கிடைக்கவில்லை. சண்டை மறுபடி தொடங்கியிருந்த வருடம் அது. பாதை நெடுகச் சோதனைச் சாவடிகள். ஜனாஸாவை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றிலும் பதில் சொல்லிக்கொண்டு நிற்க எந்த வேன்காரனும் தயாராக இல்லை.

"நம்மட வேன் நிக்குது. என்னத்துக்கு மத்தவன்கிட்ட கெஞ்சணும்?" என்றான் ரவூப்.

"அது பிரேக்கு..."

"மாமாட கதைய விடுங்க மாமி. நான் டவுன்ல ஓட்டிப் பாத்திருக்கேன். பிரேக்குக்கு ஒண்ணுமே இல்ல. அவருக்குத்தான் பயம்."

அந்த பிரேக் கதை மாத்தளை முழுக்கப் பிரசித்தம். கொழும்புக் கொம்பனியொன்றின் கண்டிக் கிளையில் இத்ரூஸ் ஆசை ஆசையாக வாங்கிய புது வேன் அது. சமதரையில் தங்கமாக ஓடும். நீண்ட இறக்கத்தில் சூடேறிவிட்டாலோ, சில நேரம் பிரேக் மிதி வெறுமனே உள்ளே போகும். முறைப்பாடு சொல்லக் கண்டிக்குப் போனார். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வேனைக் கிளையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு வந்து, "வயசு போயிட்டுது ஹாஜியார், ஒரு டிரைவர வச்சுக்கொள்ளுங்க" என்றார்.

அதே வேன் வைத்திருந்த வேறு சிலரை அவர் தேடிப் பிடித்தது அதற்குப் பிறகுதான். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துச் சபாரத்தினத்துக்கும் அதே வியாதி. எல்லாரும் சேர்ந்து முறைப்பாடு மேல் முறைப்பாடாக அனுப்பினார்கள். ஒரு நாள் கொம்பனியே பத்திரிகையில் விளம்பரம் போட்டது. அந்த வருடத்து வேன்களின் பிரேக்கில் ஒரு பாகம் குறையுள்ளது, கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. அன்று இத்ரூஸின் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கிடைத்தது.

கொண்டுபோனால் பாகம் வரவில்லை என்றார்கள். பிறகு கப்பலில் வருகிறது என்றார்கள். பிறகு துறைமுகத்தில் நிற்கிறது, பிறகு கொழும்புக்காரர்களுக்கு முதலில். வெளியில் ஒரு கராஜில் மாற்றவும் அந்தப் பாகம் கடைகளில் இல்லை. வேறு யாராவது கை வைத்தால் நாங்கள் பொறுப்பில்லை என்ற மிரட்டல் வேறு. முறைப்பாடு அனுப்பியவர்களில் ஒருவர் சத்தமில்லாமல் தன் வேனை அனுராதபுரத்து ஆளுக்கு விற்றுவிட்டார். அதைக் கேட்ட அன்று இத்ரூஸுக்குச் சோறு இறங்கவில்லை.

"அய்ப மறச்சு விக்கிறதா? வாங்கினவன் புள்ளகுட்டிகள ஏத்திட்டுத்தானே போவான்?"

குறையைச் சொல்லி விற்கலாம்தான், யார் வாங்குவார்கள்? ஆகவே அவரே ஓட்டினார். உருட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு முந்திப் போவார்கள். கடைத்தெருவில் அவருக்கு ஆமை ஹாஜியார் என்ற பட்டம் கிடைத்தது. உண்மையைச் சொன்னால், றாபியாவும் மனுசன் கொஞ்சம் பயந்தாங்கொள்ளிதான் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாள்.

"முன்னுக்கு ஏறுங்க மாமி," என்றான் ரவூப்.

பின்னால் இத்ரூஸ் நீட்டிப் படுத்திருந்தார். அவள் உட்கார வேறு இடமில்லை. ஆனாலும் கதவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள். இத்தனை காலத்தில் அவள் முன் சீட்டில் ஏறியதே இல்லை. "முன்னுக்கு வெயில். பின்னுக்கு ஏறு" என்று தனக்குப் பின்னால்தான் அவளை உட்கார வைப்பார். கடைத்தெருக்காரர்கள் அதற்கும் சிரித்தார்கள், ஹாஜியார் பொஞ்சாதிக்கு டிரைவராகிவிட்டார் என்று. ஒருநாள் கோபமாகவே கேட்டாள், நான் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று. வெற்றிலை போட்டுக்கொண்டார்.

வேன் புறப்பட்டது. முன்னால் இருந்து பார்க்கப் பாதை வேறாக இருந்தது. மூக்கே இல்லாத வேன் அது. தார் நேராக அவள் காலுக்கடியில் வந்து நுழைந்தது. லொறிகள் முகத்துக்கு எதிரே வந்து கடைசி நேரத்தில் விலகின. இத்தனை வருடம் அவள் பார்த்ததெல்லாம் இத்ரூஸின் முதுகும் தொப்பியும் ஜன்னலோரத்து மரங்களும்தான். இதையா இவர் தினம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தாள். அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள். பின்னால் திரும்பி, அசைவில் விலகிய துணியைச் சரிசெய்துவிட்டு மறுபடி அழுதாள்.

ரவூப் நேரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். விரைந்து போய்ச் சட்டென்று பிடிப்பான், மறுபடி விரைவான். நாவுல தாண்டியதும் றாபியாவின் அழுகை கொஞ்சம் அடங்கியது. அடங்கியதும் அந்தப் பாழாய்ப்போன குணம் எழுந்துவிட்டது. அவள் மருமகனின் தோளையே பார்த்தாள். அது மரக்கட்டையாக அசையாமல் இருந்தது.

"மகன், நீங்க பள்ளத்துல தோள ஆட்டல்லியே?"

"என்ன மாமி?"

"மாமா ஆட்டுவாரு. வலது தோள். எறக்கம் வரக்குள்ள எல்லாம்."

ரவூப் பரிதாபமாக அவளைப் பார்த்தான். மாமிக்கு அதிர்ச்சியில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். அவளுக்கோ அது பெரிய கேள்வியாக வளர்ந்தது. பின்னால் இருந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், அந்தத் தோள் ஏறி இறங்குவதை! நோவாக்கும் என்று இரவில் கோடாலித் தைலம் தேய்த்துவிடுவாள். அவரும் நோவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை, கண்ணை மூடிக்கொண்டு தேய்க்கக் கொடுப்பார். தோளில் நோவில்லை என்றால் பின்னே எது ஆடியது?

"ஏதோ கருகின மணம் வருதே?"

"வெளியில யாரோ குப்ப எரிக்கிறாங்க," என்றான்.

நாலந்தாவுக்கு அப்பால் பாதை வளைந்து கீழே இறங்கியது. வளைவு முடிந்த இடத்தில், முன்பு இல்லாத ஒரு சோதனைச் சாவடி. குறுக்கே தார்ப் பீப்பாய்கள், தரையில் வெள்ளைக் கோடு, கையை உயர்த்தி நிற்கும் சிப்பாய். ரவூப் பிரேக்கை மிதித்தான். வேன் நிற்கவில்லை.

"மாமி! பிரேக் இல்ல மாமி!"

சிப்பாயின் உயர்த்திய கை இறங்கித் துப்பாக்கியைப் பிடித்தது. கோட்டைத் தாண்டும் வாகனத்துக்கு என்ன நடக்கும் என்று அந்த நாட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். றாபியாவின் வாயில் கலிமா வந்தது. கண்ணுக்குள் வந்தது இத்ரூஸின் முதுகு. அந்தத் தோள் ஏறியது, இறங்கியது, ஏறியது. ஆடியது தோளல்ல, கால்.

"கால எடுங்க! எடுத்து மிதிங்க! எடுத்து எடுத்துக் குத்துங்க மகன்! கியரக் குறைங்க!"

ரவூப் குத்தினான். ஒன்றுமில்லை. மறுபடி குத்தினான். மூன்றாம் தடவை மிதி எதையோ முட்டிப் பிடித்தது. சில்லுகள் கிறீச்சிட்டன. வேன் கோட்டைத் தாண்டி, ஒரு பீப்பாயைத் தொட்டுக்கொண்டு நின்றது. றாபியாவின் முழங்காலுக்கும் அந்தப் பீப்பாய்க்கும் நடுவே ஒரு தகரம் மட்டும் இருந்தது.

நாலாபுறமும் துப்பாக்கிகள். ரவூப் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான். றாபியாதான் சிங்களத்தில் சொன்னாள், பிரேக் பிடிக்கவில்லை தம்பி, பின்னால் என் கணவரின் மையத்து இருக்கிறது, மாத்தளைக்குக் கொண்டுபோகிறோம் என்று. ஒரு சிப்பாய் பின் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான்.

"பிரேக் இல்லாத வண்டியிலா செத்தவரைக் கொண்டு போறீங்க?" என்று கேட்டான்.

"உயிரோட இருக்கும்போதும் இதிலதான் கொண்டு போனாரு, என்னை," என்றாள்.

சட்டம் சட்டம்தான், வண்டி கோட்டுக்குப் பின்னால் நின்றுதான் சோதனையிடப்பட வேண்டும். ஆகவே இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, இத்ரூஸையும் சேர்த்து வேனை மேட்டுப் பக்கம் பின்னால் தள்ளினார்கள். பிறகு வேனுக்கடியில் கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள். பிறகு போகச் சொன்னார்கள்.

வேன் மறுபடி ஊர்ந்தது. றாபியா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். அவற்றின் மேல் நிழல் விழுந்திருந்தது. வெயில் முழுவதும் வலப் பக்கம், ரவூபின் மேலும் அவனுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த ஜன்னலோரத்திலும். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். காலையில் தம்புள்ளைக்குப் போகும்போது கிழக்கு வலப் பக்கம். மாலையில் திரும்பும்போது மேற்கு வலப் பக்கம். போகும்போதும் வரும்போதும் இந்தச் சீட்டில் வெயிலே விழாது. அவள் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு, முன் தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். தகர டப்பாவின் சத்தம்தான் வந்தது.

"என்ன மாமி?" என்றான் ரவூப்.

"ஒண்ணுமில்ல மகன். முன்னுக்கு வளைவு வருது. இப்பவே மிதிக்கத் தொடங்குங்க."

அதன் பிறகு அவள்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். இதில் மாமா கொஞ்சமாகத்தான் ஆட்டுவார், இதில் நிறைய, இந்தப் பாலத்துக்கு முன்னால் கியரைக் குறைப்பார். எப்போது கற்றுக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ரவூப் மறுபேச்சில்லாமல் கேட்டான். ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு அவர்களை முந்திப் போனான். ரவூப் அவனுக்கு வழி விட்டான்.

மாத்தளையில் அவர்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை சரிவானது. சனம் திரண்டு நின்றது. கச்சேரியிலிருந்து நேரே வந்திருந்த சபாரத்தினம் வாசல் படலையருகே நின்றார். வேன் நின்றதும் அவர் ஜனாஸாவைப் பார்க்கவில்லை, ரவூபின் முகத்தைப் பார்த்தார்.

"பிரேக் பிடிச்சதோ?"

துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். றாபியாவுக்கோ, அன்று கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான் என்று பட்டது.

"மூணாவது மிதியில பிடிச்சது," என்றாள்.

"என்ர வேனுக்கு இப்ப நாலு வேணும்," என்றார் சபாரத்தினம். குனிந்து, மதில் ஓரத்திலிருந்த செங்கற்களை எடுத்துச் சில்லுக்கடியில் வைத்தார்.

பின் கதவு திறந்தது. ஆண்கள் இத்ரூஸைத் தூக்கினார்கள். "வாப்பா" என்று மகள் மஸீஹா உள்ளிருந்து அலறும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. இத்தா இருந்து வீட்டுக்குள் அடங்க வேண்டிய விதவை தெருவில் என்ன செய்கிறாள் என்று பெண்கள் றாபியாவைக் கூப்பிட்டார்கள். அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. வேனைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து டிரைவர் கதவைத் திறந்தாள்.

எஞ்சின் நின்றுவிட்டது. கைப் பிரேக் இழுத்தாயிற்று. செங்கல்லும் வைத்தாயிற்று. ரவூப் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கால் மிதியை அழுத்தியபடியே நடுங்கிக்கொண்டிருந்தது.

"இனி எடுங்க மகன். வீடு வந்துட்டு."

"ஏலாது மாமி," என்றான். "கால் வருதில்ல."

றாபியா புழுதியில் முழங்காலை ஊன்றினாள். இரண்டு கைகளாலும் அவன் கணுக்காலைப் பிடித்து, மெல்லத் தூக்கி, பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான் அந்த மிதியை முதல் தடவையாகப் பார்த்தாள். மற்ற மிதிகளில் ரப்பர் வரிகள் புதிதாகவே இருந்தன. இதில் மட்டும் வலது ஓரம் வரிகள் எல்லாம் மறைந்து, ஒரு பாதத்தின் முன்பாதி அளவுக்கு மழமழவென்று தேய்ந்திருந்தது. அவள் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

உள்ளேயிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். ரப்பர் இன்னும் சூடாக இருந்தது.