லிஃப்டுக்குள் ஒரு கையெழுத்து

லிஃப்ட் மெக்கானிக்கின் கையெழுத்து நசுங்கிய கரப்பான்பூச்சி மாதிரி இருக்கும். அது லிஃப்டுக்குள் சோதனை அட்டையில் தொங்குவதால், ஏறுகிறவர்கள் எல்லோரும் வேறு வேலையில்லாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மானம் கப்பலேறியது போதுமென்று நிப் பேனாவும் மையும் வாங்கி, தினமும் சாப்பாட்டு மேஜையில் பயிற்சிக்கு உட்கார்ந்தார். மேலே போகும் கோடு மெலிய வேண்டும், கீழே இறங்குவது தடிக்க வேண்டும், கடைசியில் வால் சுழல வேண்டும்.

"யார் சொத்த எழுதி வாங்கப்போறீங்க, இவ்ளோ ஒத்திகை?" என்றாள் மனைவி.

ஒருவழியாகக் கை படிந்தது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காலை முழுக்கப் பிரேக்கையும் கதவுகளையும் சரிபார்த்துவிட்டு, அட்டையில் ஒரே வீச்சில் கையெழுத்துப் போட்டார். கருவிப்பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு, மை காய்ந்ததா என்று பார்க்கத் திரும்பி வந்தார்.

உள்ளே காய்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மா அட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துக்கே இவ்ளோ மெனக்கெட்டவன் லிஃப்ட எங்கப்பா பாத்திருப்பான்? நான் படியிலயே போறேன்" என்று வெளியே வந்துவிட்டார்.

மெக்கானிக் பையை வாங்கிக்கொண்டு கூடவே படியேறினார். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது அந்த அம்மா கேட்டார்: "நீ என்னப்பா வேல பாக்குற?"

"எழுத்து வேலைங்கம்மா."