ஒரு கரண்டி சோறு

டாக்டர் நீட்டிய இரண்டு பரிசோதனைத் தாள்களையும் பார்த்த பொக்சுன், "பேரு மாறிப்போச்சு சார். நல்லாப் பாருங்க," என்றாள். பக்கத்தில் தம்பி கிசொப் மூங்கில் குச்சியாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். அக்கா மியோங்ஜாவுக்குக் கல்லீரல் கெட்டு ஆறு மாதம் ஆகிறது. கூடப் பிறந்தவர்கள் யாராவது தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள். அந்த யாராவது கிசொப்தான் என்று வீடே முடிவு கட்டியிருந்தது. பூசான் நகரச் சந்தையில் நெத்திலிக் கருவாடு விற்கும் பொக்சுன், கடை முழுக்க நிறைந்து உட்காரும் அகன்ற இடுப்பும் தொடையுமாக, துணைக்கு வந்த இடத்தில் சும்மா சோதனைக்கு ரத்தம் கொடுத்து ஸ்கேனும் எடுத்துக்கொண்டவள்.

பெயர் மாறவில்லை. கிசொப்பின் கல்லீரலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. இன்சுலின் சொல்வதை அவன் உடம்பு காதிலேயே வாங்குவதில்லை. சர்க்கரை ஏறிக் கிடந்தது. பொக்சுனுக்கு எல்லாமே சரியாக இருந்தது.

"வீட்ல கிம்ச்சி ஊறுகாய்க்குன்னு தனி ஃப்ரிட்ஜ் இருக்குமில்ல?" என்றார் டாக்டர். "உடம்புலயும் கொழுப்புக்கு அப்படி ஒண்ணு இருக்கு. உங்களுக்கு அது இடுப்பிலயும் தொடையிலயும் பெருசா இருக்கு. மிஞ்சுற கொழுப்பெல்லாம் அங்க போயிடுது. தம்பிக்கு அது சின்னது. இடமில்லாம கல்லீரல்ல போய் அடையுது."

அதற்காக இன்னும் பெருக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார். கிசொப் சோற்றைக் குறைத்து தினமும் நடந்தால் அவனுக்கும் சரியாகிவிடுமாம். ஆனால் அதுவரை அக்கா தாங்கமாட்டாள்.

கல்லீரல் கொடுக்க பொக்சுனும் வாங்க அக்காவும் மறுநாள் ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். மதியம் மூவரும் மியோங்ஜா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா போனபிறகு தம்பி தங்கையை வளர்த்தவள் அவள்தான். அன்றிலிருந்து மூவரும் சேர்ந்து சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் பொக்சுனின் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி சோறு கிசொப்பின் கிண்ணத்துக்குப் போகும். "ஜாடிக்கு எதுக்குடி மேல மேல? புள்ள காஞ்சு கெடக்கான்," என்பாள் மியோங்ஜா; குண்டான தங்கைக்கு அவள் வைத்த பேர் ஜாடி. நாற்பது வருஷமாக பொக்சுன் சிரித்துக்கொண்டே குறைந்த சோற்றைத் தின்றாள். சிரித்தாளே தவிர, ஒவ்வொரு தடவையும் வலித்தது.

இன்றைக்கும் அக்காவின் மஞ்சள் பாய்ந்த கை தானாகவே நீண்டு பொக்சுனின் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி சோற்றை அள்ளியது. கிசொப் தன் கிண்ணத்தைக் கையால் மூடினான்.

"எனக்கு வேணாங்க்கா. டாக்டர் கொறைக்கச் சொல்லிருக்காரு."

கரண்டி நடுவில் நின்றது. மியோங்ஜா தம்பியைப் பார்த்தாள், அப்புறம் தங்கையை. "நான் ஊட்டி ஊட்டித்தான் இவனுக்கு இப்படி ஆச்சா?"

"நீ ஊட்டலன்னா அவன் ஆளாயிருக்கவே மாட்டான்," என்றாள் பொக்சுன். "அக்கா, சோறு சிந்துது. கீழ வை."

மியோங்ஜா வைத்தாள், எடுத்த இடத்திலேயே. சிந்திவிடாதபடி கரண்டியின் பின்புறத்தால் இரண்டு தட்டு தட்டினாள். "தின்னுடி ஜாடி," என்றாள்.

நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகக் குறையாத சோறு கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே குவிந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்று தெரியாமல் பொக்சுன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.