நாலு நூல் வரம்பு

எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தில் காசு வைத்துச் சீட்டாடக் கூடாது, போலீஸ் வந்துவிடும். அதனால் உயரத்தை வைத்து ஆடுவார்கள். மூன்று சீட்டுதான். ஆட்டத்துக்கு ஒரு நூல் முதலில் வைக்க வேண்டும். எவ்வளவு ஆசைப்பட்டாலும் ஓர் ஆட்டத்தில் நாலு நூலுக்கு மேல் போக முடியாது. எட்டு நூல் ஓர் அங்குலம். வாசலில் ஒரு தையல்காரர் இருப்பார், தோற்றவனுக்குப் பேண்ட்டை மடித்துத் தைக்க, ஜெயித்தவனுக்குப் பிரித்துவிட.

கணக்கு வாத்தியார் சோலைமணிக்கு மூன்று அங்குலம் தேவைப்பட்டது. அவன் ஐந்தடி நாலு. அவனுக்கு நிச்சயமாகியிருந்த விளையாட்டு டீச்சர் சுடர்க்கொடி ஐந்தடி ஏழு. அவள் போட்டது ஒரே நிபந்தனை.

"மாலை மாத்தும்போது நான் குனிய மாட்டேன். நீங்களும் எக்கிப் போடக் கூடாது. பாக்கச் சகிக்காது."

அவள் மேல் அவனுக்குப் பைத்தியம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது.

அவனோடு ஆட உட்கார்ந்த மூவரும் கவலையே இல்லாத ஆட்கள். ரைஸ்மில் ஜெபராஜ், மெக்கானிக் ஹாரூன், ஓய்வுபெற்ற ஏட்டு பரமதயாளன். ரெண்டு, அஞ்சு, ஒன்பது வந்தாலும் சீட்டைக் கவிழ்த்து விலக மாட்டார்கள். பாதி நேரம் சீட்டைப் பார்ப்பதே கிடையாது. உயரம் அவர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஏட்டையா ஒருநாள் காற்றாடியில் தலையை இடித்துக்கொள்வார், மறுநாள் தலையணை போட்டு உட்காருவார். கொடுத்துவைத்த ஜென்மங்கள்.

சோலைமணி நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தான். காத்திருப்பதற்கே ஆட்டத்துக்கு ஒரு நூல் போனது. உதவாத சீட்டை வைத்துக்கொண்டு முறைத்து மிரட்டிப் பார்த்தான். மிரள ஆள் வேண்டுமே. "வாத்தியாருக்குக் கண்ணுல தூசி விழுந்துருக்கு" என்று ஹாரூன் எழுந்து வந்து ஊதிவிட்டார்.

ஒருநாள் மூன்று ராஜா வந்தது. நாலு நூலையும் வைத்தான். ஏட்டையா பார்க்காமலே வைத்திருந்த சீட்டைத் திருப்பினார். மூன்று ஆஸ்.

"இது நல்ல சீட்டாய்யா?" என்று கேட்டார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் சோலைமணி நாலடி பதினொன்று. சாயங்காலம் நாலு மணிக்குச் சுடர்க்கொடி மன்றத்துக்கு வந்து அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அவனுக்கு அவமானமாக இருந்தது. உட்கார்ந்து அழுதான்.

"எந்திரிங்க" என்று அவனை நகர்த்திவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "குனிய மாட்டேன்னுதான சொன்னேன். குறைய மாட்டேன்னு சொல்லலையே."

அவள் சீட்டைத் தொடவே இல்லை. ஆட்டத்துக்கு நாலு நூலாக வைத்துக்கொண்டே போனாள். நடுவில் தெரியாமல் ஒருமுறை ஜெயித்துவிட்டாள். "சனியனே" என்று சீட்டைத் திட்டிவிட்டுத் தொடர்ந்தாள். சோலைமணி பக்கத்தில் நின்று பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தான். ஆறு மணிக்கெல்லாம் அவளும் நாலடி பதினொன்று. தையல்காரர் முகூர்த்தப் புடவையின் ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தார்.

மன்றத்து மூவரும் இப்போது ஆளுக்கு ஆறடி. மணமக்கள் அளவுக்கு ஆறடிப் பந்தல் போதும் என்பதால் மூன்று மூலைகளில் அவர்களே தலையால் தாங்கி நின்றுகொண்டார்கள். நாலாவது மூலைக்கு ஒரு மூங்கில் நட்டார்கள். கை சும்மா இருந்ததால் மூவரும் சீட்டுப் போட்டார்கள். விட்டுவிட்டால் மரியாதையாக இருக்காது என்று மூங்கிலின் காலடியிலும் மூன்று சீட்டு வைத்தார்கள்.

சோலைமணியும் சுடர்க்கொடியும் நேருக்கு நேர் நின்று மாலை மாற்றிக்கொண்டார்கள். யாரும் குனியவில்லை, எக்கவில்லை. அவள் சிரித்ததை இவ்வளவு நேராக அவன் பார்த்ததே இல்லை. உள்ளங்கால்வரை சந்தோஷமாக இருந்தது.

மூங்கில் சீட்டைப் பார்க்கவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. கெட்டிமேளம் முழங்கும்போது நாலு பேர் சீட்டையும் திருப்பினார்கள். மூங்கில் ஜெயித்திருந்தது. மூன்று மூலைகள் அரை அங்குலம் இறங்கின, நாலாவது ஒன்றரை அங்குலம் ஏறியது. தையல்காரர் அட்சதையைப் போட்டுவிட்டு வந்து, அந்தப் பக்கம் பந்தல் துணியைப் பிரித்துவிட்டார்.