ஒரு சாண் படி

மாமனார் விழுந்தது குளியலறைக்குள் அல்ல, அதன் வாசலில். குளித்து முடித்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படுக்கையறைக்கு இறங்கும்போது கால் தப்பிவிட்டது. அந்தக் குளியலறையின் தரை படுக்கையறைத் தரையைவிட ஒரு சாண் உயரம். இத்தனை வருஷமாக ஏறி இறங்கிய படிதான். அன்றைக்கு இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போன பிறகு அவர் நடைச்சட்டம் பிடித்துத்தான் நடக்க வேண்டும், வழியில் படி, மேடு எதுவும் இருக்கக் கூடாது என்றார். கழிவறை தனியாக இருந்தது. அதற்குப் படி கிடையாது. சிக்கல் குளியலறைதான்.

மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அப்படி வந்ததில் அவனுக்கே கொஞ்சம் கூச்சம்தான்.

அவன் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துவது அவன் தொழில். கல்யாணமான நாளிலிருந்து வீட்டோட மாப்பிள்ளை. மனைவி ஒரே பெண். பெரியவர்களைத் தனியே விட மனமில்லை, வீடும் பெரியது. எல்லாம் சரி, ஆனால் அந்த வீட்டில் சுத்தியலைத் தொடும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது. மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற மாமனாரைத் தெருவே 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடும். ஒயரிங் அவர் கை, குழாய் அவர் கை, பூச்சும் அவர் கை. ஜன்னலை இழுத்துச் சாத்தினால் கொக்கி கையோடு வரும். விளக்கைப் போட்டால் அடுத்த அறையில் மின்விசிறி சுற்றும். மாப்பிள்ளை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் போதும், "நீங்க உட்காருங்க மாப்பிள்ளை, நான் பார்த்துக்கிறேன்" என்று பிடுங்கிக்கொள்வார். மரியாதையாகத்தான் சொல்வார், ஆனால் அதற்குமேல் பேச இடமிருக்காது.

கொத்தனாரிடம் கேட்டதற்கு, கையில் வேலை இருக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன் என்றார். மாப்பிள்ளை கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, மாமியார் மருத்துவமனைக்குக் கிளம்பிய பிறகு மாமனாரின் கருவிப் பெட்டியைத் திறந்தான்.

"அப்பா வர்றதுக்குள்ள முடிஞ்சிடுமா?" என்றாள் மனைவி.

"ஒரு தரையை உடைச்சு எடுக்கணும். அவ்வளவுதானே."

"அப்படித்தான் அப்பாவும் ஆரம்பிப்பாரு."

மேலே இருந்தது நீல டைல்ஸ். உளியை வைத்து அடித்ததும் பெயர்ந்து வந்தது. அடியில் செங்கல் துண்டும் காரையும் போட்டு நிரப்பியிருந்தது. அதை வாரினால் இன்னொரு தரை, வழவழவென்று சிவப்புச் சிமென்ட். மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து சிரித்துவிட்டான். பழசை எடுக்காமலே அதன் தலையில் புதுசைப் போட்டிருக்கிறார் மனுஷன். சிவப்புச் சிமென்ட்டை உடைத்தால் மறுபடி நிரப்பல், அதற்கும் அடியில் கல் பதித்த தரை. வீடு கட்டியபோது போட்டதாக இருக்க வேண்டும். படுக்கையறைத் தரையைவிட அது இரண்டு விரல்கடை தாழ்வாகவே இருந்தது.

"வந்து பாரு," என்று மனைவியைக் கூப்பிட்டான். "உங்கப்பா இன்ஜினியரிங்கை. ஒரு வீட்டுக்குள்ள மூணு வீடு."

அவள் எட்டிப் பார்த்தாள். சட்டி எடுத்து இடிபாட்டை அள்ள ஆரம்பித்தாள்.

கல் தரையை ஒட்டிச் சுவரின் அடியில் பழைய தண்ணீர்ப் போக்கு ஒன்று தெரிந்தது. செங்கல் வைத்து, சிமென்ட் பூசி, கெட்டியாக அடைத்திருந்தார்கள். நல்ல ஓட்டையை அடைத்துவிட்டு ஒரு சாண் மேலே புது ஓட்டை போட்டிருக்கிறார் என்றால், இதற்கு என்ன பெயர் வைப்பது? மாப்பிள்ளை அதையும் குடைந்து திறந்தான். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். சரசரவென்று வெளியே ஓடியது. கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு, முதுகு வலியோடு, ஆனால் மனநிறைவோடு படுத்தான்.

காலையில் மாமியாரின் குரல்தான் அவனை எழுப்பியது. அந்தம்மா சத்தம் போடவே மாட்டார். அன்றைக்கும் போடவில்லை.

"மாப்பிள்ளை, வெளியே போற தண்ணி உள்ளே வருது."

தெருவே குளிக்கிற நேரம். சுவரை ஒட்டியிருந்த சந்துச் சாக்கடை நிரம்பி, அவன் திறந்துவைத்த ஓட்டை வழியாகக் கறுப்பாக வந்துகொண்டிருந்தது. குளியலறை நிறைந்து, இப்போதுதான் படி இல்லையே, தங்கு தடையின்றிப் படுக்கையறைக்குள் பரவி, மாமனாருக்காக விரித்துவைத்த கட்டிலின் கால்களைச் சுற்றி நின்றது. மாப்பிள்ளை கொல்லைக்கு ஓடிக் கோணி ஒன்றை எடுத்துவந்தான். கோணியைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்து, அதன்மேல் செங்கல்லை வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு நின்றான். பெண்கள் இருவரும் தண்ணீரை வழித்துத் தள்ளினார்கள்.

பிறகு சந்துக்குப் போய்க் குனிந்து பார்த்தான். சாக்கடையின் அடிமட்டமே வீட்டின் கல் தரைக்கு மேலே இருந்தது. காலியாக இருக்கும் நேரத்தில் ஒரு வாளித் தண்ணீர் எங்காவது இடுக்கில் போய்த் தங்கும். தெருவே ஊற்றினால் திரும்பி வரத்தான் செய்யும்.

மாமியார் பின்னால் வந்து நின்றார். "ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழசைச் சுரண்டவே மாட்டாங்க. அதுமேலேயே போட்டுட்டுப் போயிடுவாங்க. ரோடு ஒசந்தா சாக்கடையை ஒசத்துவாங்க. சாக்கடை ஒசந்தா நாம ஒசரணும். அதுக்காக ரெண்டு தடவை தரையை ஏத்தினாரு."

"மாமா இதைச் சொன்னதே இல்லையே அத்தை."

"நீங்க கேட்டீங்களா?"

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. ஆனாலும் மாப்பிள்ளைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நேற்று மனைவியிடம் சொன்ன கிண்டல் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனான். எதையும் சொல்லக் கூடாது என்று தீர்மானித்துத்தான் போனான். தலையணையில் சாய்ந்திருந்த மாமனார், அவன் பழம் உரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகத்துல என்ன, சிமென்ட்டா?"

பொய் சொல்லித் தப்பிக்க வழியில்லை. "குளியலறைப் படியை எடுத்துட்டேன் மாமா."

"எதுவரைக்கும் எடுத்தீங்க?"

"கல்லு வரைக்கும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த ஓட்டையைத் திறந்தீங்களா?"

"திறந்தேன்."

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. கட்டில் வரைக்கும்."

மாமனாரின் வயிறு குலுங்கியது. வலியில் முனகுகிறார் என்று நினைத்து மாப்பிள்ளை பதறி எழுந்தான். சிரிப்புத்தான். சிரித்தால் இடுப்பு வலித்தது. வலியில் முகம் சுளித்துக்கொண்டே சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

அடங்கிய பிறகு, கூரையைப் பார்த்தபடி சொன்னார். "கடைசியா ஏத்தினப்பவே எனக்குத் தெரியும் மாப்பிள்ளை, இந்த உயரம் ஆகாதுன்னு. உங்க அத்தை விழுந்துடுவாளோன்னு ஒவ்வொரு நாளும் பயம். அவ குளிச்சிட்டு வர்ற வரைக்கும் அந்த அறையில ஏதாவது வேலை பார்க்கிற மாதிரி நின்னுட்டிருப்பேன். நல்லவேளை, நானே விழுந்தேன்."

மாப்பிள்ளை பழத்தைச் சுளைசுளையாகப் பிரித்துத் தட்டில் வைத்தான்.

"ரோடு ஏறினதுக்கு நீங்க என்ன மாமா பண்ணுவீங்க," என்றான் கடைசியில். பிறகு, காலையிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டான். "தண்ணியைக் கொல்லைப் பக்கம் விட்டா என்ன? அங்க நிலம் தாழ்வாத்தானே இருக்கு. ஒரு குழி தோண்டி விட்டா உறிஞ்சிக்கும்."

"கிணறு இருக்கே. சோப்புத் தண்ணி எல்லாம் கிணத்துல இறங்கிடும். அதனாலதான் நான் அந்தப் பக்கமே போகலை."

"கிணத்தை மூடியாச்சே மாமா. அதுல தண்ணி வத்தி எவ்வளவு நாளாச்சு. குழாய்த் தண்ணிதானே குடிக்கிறோம்."

மாமனார் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். "ஆமால்ல," என்றார். சுளையை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். "ஆமால்ல."

வேலை அவன் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. முதலில் சந்துப் பக்கத்து ஓட்டைகளைச் செங்கல் வைத்துப் பூசி அடைத்தான். கொல்லைப் பக்கச் சுவர் பழைய காலத்துச் சுவர், கனம் அதிகம். கூரான உளி மழுங்கியது. உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. உள்ளிருந்து ஒரு பக்கமும் வெளியிலிருந்து ஒரு பக்கமும் குடைந்ததில் இரண்டு ஓட்டைகளும் சந்திக்கவே இல்லை. ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக நின்றன. ஒரு மயிரிழை தப்பினால் லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கிற ஆள் அவன். சுவரைத் தூக்கிப் போட முடியாது. நடுவில் இருந்ததை முழுக்க இடித்துப் பெரிய பொந்தாக்கி, குழாயை வைத்துச் சுற்றிலும் அடைத்தான்.

கொல்லையில் எலுமிச்சை மரத்துப் பக்கம் குழி வெட்டியது பாதி அவன், பாதி மனைவி. குழியை நிரப்பக் கல் வேண்டுமே என்று யோசித்தபோது, வீட்டு முன்னால் குவிந்துகிடந்த இடிபாட்டைப் பார்த்தார்கள். நீல டைல்ஸ், சிவப்புச் சிமென்ட், செங்கல் துண்டு எல்லாம் சட்டி சட்டியாகக் கொல்லைக்குப் போயிற்று.

"அப்பா போட்டது எதுவும் வீணாகலை," என்றாள் அவள். கேலியா இல்லையா என்று அவனுக்குப் புரியவில்லை.

வாட்டம்தான் கடைசி வரைக்கும் அவனைப் பாடாய்ப் படுத்தியது. குழாயை நோக்கித் தரை சரிய வேண்டும், ஆனால் நடைச்சட்டம் நழுவுகிற அளவுக்குச் சரியக் கூடாது. முதல் தடவை பூசிவிட்டுத் தண்ணீர் ஊற்றினான். அது குழாய்ப் பக்கம் போகாமல் எதிர்மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. பூச்சு இறுகுவதற்குள் சுரண்டி எடுத்து மறுபடி பூசினான். இரண்டாம் தடவை பாதி தேறியது. மூன்றாம் தடவை, அவன் மட்டம் பார்க்க, மனைவி செம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே வர, எங்கே நின்றதோ அங்கே கரணையால் இழுத்துவிட்டான். அதன்மேல் சொரசொரப்பான டைல்ஸைப் பதித்ததும் வாசல் படுக்கையறைத் தரையோடு மட்டமாயிற்று.

மாமனார் வந்து இறங்கியபோது வீடு முழுக்க ஈரச் சிமென்ட் வாசனை. சட்டத்தைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்துப் படுக்கையறைக்கு வந்தவர், கட்டிலில் உட்காராமல் நேரே குளியலறை வாசலுக்குப் போனார். படி இருந்த இடத்தில் சட்டத்தின் கால்களை வைத்தார். அழுத்திப் பார்த்தார். உள்ளே போனார். நெடுநேரம் தரையையே பார்த்தார்.

"அந்த மூலை டைல்ஸ் கோணல்."

"தெரியும் மாமா."

"கிணத்துப் பக்கம் விட்டீங்களா, எலுமிச்சைப் பக்கமா?"

"எலுமிச்சைப் பக்கம்."

"ம்," என்றார். அதோடு சரி.

மறுநாள் காலை அவர் தானே குளிக்கப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். உள்ளே நாற்காலி போட்டு, வாளியில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். மாமியார் வாசலிலேயே நின்றார்.

"போ, போயி வேலையைப் பாரு. நான் என்ன குழந்தையா?"

"எனக்கு இங்கதான் வேலை," என்றார் மாமியார். நகரவில்லை.

மாப்பிள்ளை கடைக்குக் கிளம்பித் தயாராக இருந்தான். ஆனாலும் கொல்லைக்குப் போய், குழியின் மேல் மூடியிருந்த பலகைக்கல்லைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு நின்றான். துணி உலர்த்த வந்த மனைவி, "நேரமாகலையா?" என்றாள்.

"குளிக்கிறாரு."

அவளும் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். சுவருக்கு அப்பால் தண்ணீரை மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்துக் குழாயின் வாயில் நுரை எட்டிப் பார்த்தது. பிறகு தண்ணீர் சீராக வந்து உடைசல்களின் மேல் விழுந்து, இடுக்குகளில் இறங்கி, மறைந்தது. மறுபடி மொண்டு ஊற்றும் சத்தம். மறுபடி தண்ணீர்.

கடைசி நுரை வடிந்ததும் அவன் கல்லை இழுத்து மூடிவிட்டுக் கையைக் கழுவப் போனான்.