வாளியும் ஸ்பாஞ்சும்

முதல் உலகப் பெரும்போர் முடிந்த மறு ஆண்டு, இங்கிலாந்தின் டான்காஸ்டர் குதிரைப் பந்தயத் திடலில் எங்கள் கும்பல், பந்தயப் பணம் பிடிக்கும் புக்கிகளுக்கு ஒரு சேவை செய்துவந்தது. பந்தயம் முடிந்ததும் அவர்களுடைய கரும்பலகையில் எழுதிய குதிரைகளின் பந்தய விலைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைக்கும் சேவை. உண்மையில் நாங்கள் எதையும் துடைத்ததில்லை. வாளியைக் காட்டிக் கப்பம் வாங்குவோம். துடைப்பதைப் புக்கியே செய்துகொள்வார்.

ஒருநாள் புதிய புக்கி ஈனாக் பிம்மிடம் தலைவர் லம்லி என்னை அனுப்பினார். "அந்தாளு பயந்தாத்தான் நீ நம்ம ஆளு, சைலஸ். இல்லேன்னா மறுபடியும் கரி மூட்டை தூக்கப் போயிடு."

கண்ணாடி முன் பலநாள் பழகிய முறைப்போடு சென்றேன். பிம் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, வாளி காஞ்சு கெடக்கு? எச்சில் தொட்டா தொடைப்பே?"

மிரட்ட வேண்டிய இடத்தில் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. குதிரைத் தொட்டிக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்து, பலகையைப் பளபளவெனத் துடைத்தேன். பிம் மறுபேச்சின்றிக் கப்பம் கொடுத்தார். பயந்து கொடுத்ததாகவே லம்லியிடம் சொல்ல எண்ணியிருந்தேன்.

அதற்குள் பக்கத்துப் புக்கி கத்தினார்: "யோவ், நானும் காசு குடுத்திருக்கேன்ல! என் பலகைய எவன் தொடைப்பான்?"

வரிசை முழுவதும் அதையே கேட்டது. காவலர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; மறுத்தால் சும்மா கப்பம் வாங்குவது அம்பலமாகிவிடும்.

அடுத்த பந்தயம் முடிந்தபோது, முகத்தில் தழும்புள்ள எங்கள் ஆட்கள் அனைவரும் தொட்டியருகே வாளிகளோடு காத்துநின்றார்கள்.

"நாளைக்குக் கரிக் கடைக்குப் போடா," என்றார் லம்லி. "போறதுக்கு முன்னாடி இவனுங்களுக்குத் தொடைக்கக் கத்துக் குடுத்துட்டுப் போ."