சுங்கானும் நாக்கும்

இடியப்பத்துக்கு நான் மிளகாய் இடித்து வைத்த கட்டச் சம்பலை எங்கள் வீட்டு மனுசன் தொடவேயில்லை. தேங்காய்ப்பாலை மட்டும் ஊற்றி, அதையும் ஆறவைத்து, பல் முளைக்காத பிள்ளை மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார். உறைப்பு இல்லாவிட்டால் தட்டைத் தள்ளி வைக்கிற ஆள். விடிந்தால் கொழும்பிலிருந்து, கம்பெனிக்குத் தேநீர் ருசி பார்க்கிற ரத்நாயக்க ஐயா வருகிறார். அவர் முன்னால் என் புருசன் ஜீவராஜ் ஆறு கிண்ணம் தேநீரை ருசி பார்த்து, எது எப்படி என்று சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சொல்லிவிட்டால் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் ஆக்குகிற பொறுப்பு முழுக்க இவருக்கு, இனி இவர்தான் டீமேக்கர்.

"என்னங்க, நாக்க நீட்டுங்க."

"என்னா யூஜினா, டாக்டரம்மா மாதிரி…"

"நீட்டுங்கன்னு சொன்னேன்."

நீட்டினார். மாதாவே! நுனியிலிருந்து நடு வரைக்கும் பச்சைப் புண்ணாகச் சிவந்து கிடந்தது. கண்ணை மூடச் சொல்லி ஒரு சிட்டிகை எடுத்து வைத்தேன்.

"என்னா இது, சொல்லுங்க."

"எரியுது."

"எரியிறது எனக்கும் தெரியும். என்னான்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் வாயைச் சப்பிப் பார்த்தார். "உப்புத்தானே?"

நான் வைத்தது சீனி. சீனி டப்பாவை அவர் முன்னாலேயே டொக்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன். அங்கேயே நின்றிருந்தால் வாயில் வந்ததையெல்லாம் கேட்டிருப்பேன்.

எல்லாம் அந்த ஜெர்மன்காரக் கிழவர் செய்த வேலை. போன மாதம் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களில் அவரும் ஒருவர். வருகிற வெள்ளைக்காரர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பது என் வேலை, இலை வாடுவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை விளக்குவது உதவி டீமேக்கரான ஜீவராஜின் வேலை. கிழவருக்கு இவர் விளக்கிய விதம் பிடித்துப்போய்விட்டது. போகும்போது புகை பிடிக்கிற குழாய், ஒரு பழைய சுங்கானையும் நாலு பொட்டலம் புகையிலையையும் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். ஒன்று வனிலா வாசம், ஒன்று செரிப்பழம், ஒன்று கன்னங்கரேலென்று ரம் மணக்கும், மற்றது வாசனை ஏதும் சேர்க்காத மஞ்சள் இலை. தனித்தனியாகவும் பிடிக்கலாமாம், கலந்தும் பிடிக்கலாமாம். மெதுவாக இழுக்க வேண்டுமாம். காய்ந்து போனால் ஒரு துண்டு ஆப்பிள் தோலை உள்ளே போட்டு வைக்க வேண்டுமாம்.

"கேட்டியா யூஜினா? எலைக்குள்ள ஈரத் தோலப் போடுறதாம்!" என்று இவர் வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தார். தேயிலைக்காரனுக்கு ஈரம்தான் முதல் எதிரி. ஈரம் நின்ற தூள் பூஞ்சணம் பிடித்துவிடும், ஏலத்தில் சீண்ட ஆளிருக்காது. இருபது வருடமாக அடுப்பு வாயில் நின்று இலையைக் காயவைத்த மனுசனுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்?

பீடியைக்கூடத் தொடாத ஆள், பின்பக்கத்து முட்டைக்கோவாப் பாத்திக்குப் பக்கத்தில் கல்லைப் போட்டு உட்கார்ந்து சுங்கானும் கையுமாகப் பழக ஆரம்பித்தார். முதல் நாள் இறுக்கி அடைத்துவிட்டார், இழுக்கவே வரவில்லை. அடுத்த நாள் தொளதொளவென்று போட்டார், அணைந்து அணைந்து ஒரு பெட்டி நெருப்புக்குச்சியும் தீர்ந்தது. பக்கத்து வீட்டுச் செல்லசாமி அண்ணன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சலாமுங்க தொரை! பங்களா எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார். லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வனிலாவும் செரியும் கலந்து எரிகிற வாசம் எனக்குப் பிடித்திருந்தது. கிறிஸ்மஸ் கேக் வேகிற மாதிரி இருக்கும். வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் நாலு பொட்டலம் வாங்கச் சொல்வார்.

கலக்கத் தொடங்கிய பிறகு அவருக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது. பாலில்லாத பிளேன்டி குடிக்கிற நல்ல கிளாஸ்களை எடுத்து வரிசையாக வைப்பார். வனிலா ரெண்டு பங்கு, மஞ்சள் இலை ஒரு பங்கு. செரி ஒரு பங்கு, கறுப்பு அரைப் பங்கு. விரலால் உதிர்த்துக் கலந்து, சோசரால் மூடி, அரை மணி கழித்துத் திறந்து மோந்து பார்ப்பார். "என்னாத்துக்குங்க இந்தக் கூத்து?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னது இப்போதும் என் மனதை அறுக்கிறது.

"நாங்க தூள் ஆக்கி அனுப்புறதோட சரி யூஜினா. எதோட எதக் கலந்தா நல்லாயிருக்கும்னு கொழும்புல வேற யாரோ முடிவு பண்றான். இது நானே கலக்குறது. எனக்கு மட்டும்."

இப்படிச் சொல்கிற மனுசனிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஆனால் அவர் புகையிலையைக் காயவைத்தது எனக்குத் தெரியாது, நாக்கைப் பார்த்த பிறகு கேட்டபோதுதான் சொன்னார். தொழிற்சாலையில் தூளின் ஈரம் பார்க்கிற சின்ன அடுப்பில் வைத்து, மொறுமொறுவென்று வறுத்தெடுத்து, மாதிரித் தூள் போடுகிற தகர டின் ஒன்றில் அடைத்து வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார். அந்தக் காய்ந்த சருகு சுங்கானில் பற்றியதும் நெருப்பாகவே இறங்கியிருக்கிறது. சுட்டதும் விட்டாரா? கலவைதான் சரியில்லை என்று மாற்றி மாற்றிக் கலந்து, ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க இழுத்து, நாக்கைப் பொசுக்கிக்கொண்டார். ருசி பார்த்தே பிழைக்கிற நாக்கு!

அன்றைக்கு ராத்திரி தேனைத் தடவினேன், மோர் கொடுத்தேன். "விடிஞ்சா சரியாயிடும்" என்றார். ஒண்டிக்கொண்டிருக்கிற இந்த ரெண்டு அறையையும், மழைக்கு ஒழுகுகிற தகரத்தையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். டீமேக்கர் குவாட்டர்ஸில் தனிச் சமையலறை உண்டு, உள்ளேயே தண்ணீர்க் குழாய் உண்டு. லயத்தில் பிறந்த ஒருத்தன் அந்த வீட்டுக்குக் குடிபோனது எங்கள் தோட்டத்தில் இதுவரை நடக்காத காரியம்.

காலையில் ருசி பார்க்கிற அறையில் நானும் பிரியந்தியும்தான் எடுபிடி. பிரியந்தி நாள்கூலியாக, கைக்காசு வேலைக்கு வருகிறவள், இன்னும் பெயர் பதியவில்லை. மாதிரி டின்களைத் தூள் போட்டு நிரப்புவதும் கிண்ணம் கழுவுவதும் அவள் பாடு. தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் அந்த அறைக்குள் பவுடர், பூ, வாசனைச் சவர்க்காரம் எதுவும் ஆகாது. தலையில் மல்லிகைச் சரத்தோடு வந்தாள் என்று ஜீவராஜே அவளை ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ரத்நாயக்க ஐயா நல்ல மனுசன்தான், தமிழும் பேசுவார், ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியாது. அவர் முதலில் ஆறு கிண்ணத்தையும் கரண்டியால் உறிஞ்சித் துப்பிவிட்டு, சரி என்பதற்குச் சிங்களத்தில் "ஹரி" சொல்லி, "இப்ப நீங்க" என்று ஒதுங்கி நின்றார்.

ஜீவராஜ் முதல் கிண்ணத்தை உறிஞ்சினார். அவர் கண்ணோரம் துடித்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். சூடு புண்ணில் பட்டிருக்கும். துப்பினார். அவிந்த இலையின் நிறத்தைக் கூர்ந்து பார்த்தார். "இது திங்கக்கிழம எல சேர். மழ நாளு. கொஞ்சம் மெலிசு."

ஐயா தலையாட்டினார். ரெண்டாவதும் சரி. மூன்றாவதும் சரி. எனக்கு விளங்கிவிட்டது. அவர் ருசி பார்க்கவேயில்லை. தன் கையால் ஆக்கிய தூளை நிறத்தைக் கொண்டும் ஞாபகத்தைக் கொண்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அட கெட்டிக்காரா! அப்படியே ஒப்பேற்றிவிடு என்று மனதுக்குள் ஜெபமாலை உருட்டினேன்.

நாலாவது கிண்ணத்துக்கு வந்தார். உறிஞ்சினார், துப்பினார். "இது ஆறுலயும் நல்ல கிண்ணம் சேர். நல்ல நெறம், சுத்தமா இருக்கு."

"மறுபடி பாருங்க."

மறுபடி பார்த்தார். "சுத்தமா இருக்கு சேர்."

ஐயா மற்ற ரெண்டையும் கேட்டுவிட்டு, நாலாவது கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "நீங்க மோந்து பாருங்க."

குனிந்தேன். ஆவியோடு அது மேலே வந்தது. வனிலா, அதற்கு அடியில் செரி. எங்கள் திரைச்சீலையில், போர்வையில், என் சேலையில் ஒரு மாதமாக ஒட்டியிருக்கிற அதே வாசம். அவர் டின்னைக் கழுவித் துடைத்துத் திரும்பக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். பிரியந்தி அதிலே தூளைப் போட்டிருக்கிறாள்.

"கேக் வாசம்" என்றார் ஐயா. பிரியந்தியைப் பார்த்தார். "என்ன பூசிட்டு வந்தே?"

"ஒண்ணும் பூசலிங்க சேர்."

அப்போதுதான் எங்கள் வீட்டு மனுசன் அதைச் சொன்னார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அதிகாரக் குரலில் சொன்னார். "உண்மையச் சொல்லு பிரியந்தி. கிரீம் கிரீம் ஏதும் போட்டியா? எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. நாக்கும் செத்துப்போச்சு, அந்தப் புகைக்குள்ளேயே கிடந்து மூக்கும் பழகிப்போச்சு. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. நாலாவது டின்னை எடுத்து மூடியைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். மோந்து பார்த்தார். ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"நம்ம வீட்டு வாசம்ங்க அது" என்றேன். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

அவர் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

ஐயா அதைக் கவனிக்கவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டே பேசினார். "அஞ்சு கிண்ணம் சரியாச் சொன்னீங்க ஜீவராஜ். இந்த ஒண்ணு விட்டுப்போச்சு, பரவாயில்ல, எல்லாருக்கும் நடக்கும். இந்தப் பிள்ள வேண்டாம், நாளைக்கு வேற ஆளப் போடுங்க. குவாட்டர்ஸ் பத்தி நான் மெனேஜருக்குச் சொல்றேன்."

குவாட்டர்ஸ் எங்களுக்குத்தான். அவ்வளவுதான், முடிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பிரியந்திக்கு வேறு எங்காவது வேலை கிடைக்காதா, கொழுந்து பறிக்கவாவது போகமாட்டாளா என்று என் புத்தி கணக்குப் போட்டது. அப்படிப் போட்டதற்காக அந்த இடத்திலேயே என்மேல் எனக்கு வெறுப்பு வந்தது.

பிரியந்தி அழவில்லை. ரெண்டு கையையும் விரித்து ஐயாவுக்கு முன்னால் நீட்டினாள். தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன விரல்கள். "மோந்து பாருங்க சேர். நீங்களே மோந்து பாருங்க."

ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் குனியவில்லை. அவளும் கையை மடக்கவில்லை. நான் ஜீவராஜைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லுங்கள் என்று சொல்லவும் வரவில்லை.

அவர் கரண்டியை மேசையில் வைத்தார். மேசையைச் சுற்றி வந்து பிரியந்திக்குப் பக்கத்தில் நின்றார். சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டு, ரெண்டு கையையும் அவள் கைகளுக்குப் பக்கத்தில் நீட்டினார். வலது கட்டைவிரல் நக இடுக்கில், சுங்கான் சாம்பலை அமுக்கி அமுக்கி ஏறிய கறுப்பு தெரிந்தது.

"என் கையையும் பாருங்க சேர்."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். நாலு கைகள் கிண்ணங்களுக்கு மேலே நின்றன. ஐயா மெதுவாகக் குனிந்தார்.