அரை விரல் தண்ணீர்

கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதம், மணவாளக்குறிச்சிக்கு மேற்கே ஒரு படகுக் கடவில் ரசலையன் வள்ளத்துக்குள் கால் வைத்தார். வள்ளம் ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒரு அரிசிச்சாக்கும், இரண்டு காலி ஓலைக்கடவமும், ஒரு கோழியும் தண்ணீரில் விழுந்தன. கோழி எப்படியோ கரையேறிவிட்டது. அரிசி ஏறவில்லை.

ரசலையன் அம்மை குத்துகிற சர்க்கார் உத்தியோகஸ்தர். வயது நாற்பத்திரண்டு. நல்ல உயரம், அதற்கு மேல் நல்ல அகலம். கழிமுகத்துக்கு அக்கரையில் மேலத்துறை என்ற ஊரில் இருநூறு வீடுகள். ஒரு கையிலும் அம்மை குத்திய தழும்பு கிடையாது. போன வருடம் அங்கே வைசூரி வந்து இரண்டு பிள்ளைகள் செத்துப்போனார்கள். அதிலிருந்து நாகர்கோவில் ஆபீசிலிருந்து மாதம் ஒரு மெமோ வந்துகொண்டிருந்தது. தரைவழியாகச் சுற்றிப்போனால் பதினொரு மைல். குத்துகிற மருந்தான அம்மைப்பால் இருப்பதோ நூல் போன்ற கண்ணாடிக் குழாயில்; ஈரத்துணி சுற்றித் தகரப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாலும் உச்சி வெயில் பட்டால் கெட்டுவிடும். ஆகவே வள்ளம் ஒன்றே வழி. வள்ளமும் அங்கே ஒன்றே ஒன்றுதான்.

வள்ளக்காரன் ததேயுஸ், மேலத்துறைக்காரன். அன்றைக்கு நனைந்த துவர்த்தைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு அவன் மரியாதையாகத்தான் சொன்னான்.

“சாரே, ஒண்ணும் நினைக்கப்பிடாது. இது கப்பலில்ல.”

“நான் என்ன செய்யணும்?”

ததேயுஸ் ஒரு செம்பு ஆணியை எடுத்து வள்ளத்தின் வெளிப்பக்கப் பலகையில் அடித்தான். “நீங்க நடுவில இருக்கணும். நான் பின்னால அமரத்தில நிப்பேன். வேற ஆளு கேறாது. இந்த ஆணி நனையாம எண்ணைக்கு நிக்குதோ, அண்ணைக்கு அக்கரை போவோம்.”

ரசலையன் உட்கார்ந்து பார்த்தார். ஆணி தண்ணீருக்குள் இரண்டு விரல் ஆழத்தில் மின்னியது.

வேறு ஒரு உத்தியோகஸ்தர் என்றால் தாசில்தாருக்கு எழுதிப்போட்டிருப்பார். ரசலையனுக்கு அது தோன்றவில்லை. அளவு என்று ஒன்று இருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர். வீட்டுக்குப் போய் மனைவி செல்லபாயிடம், “இனி மரச்சீனி வேண்டாம்” என்றார். செல்லபாய் கையிலிருந்த அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பதினெட்டு வருடத்தில் அவள் கேட்டிராத வார்த்தை அது.

மரச்சீனிக் கிழங்கு நின்றது. தேங்காய் அரைத்த மீன்கறி நின்றது. காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சியும் பயறும், ராத்திரி கஞ்சித்தண்ணி. வில்வண்டியை விட்டுவிட்டு ஊர் ஊராக நடந்தே போனார். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் பெட்டியோடு கடவுக்கு வந்து வள்ளத்தில் உட்காருவார். அலை அடங்கும்வரை கரையில் ஒருவரும் பேசமாட்டார்கள். பிறகு மீன்காரி பிரகாசி குனிந்து பார்த்துச் சொல்லுவாள். ஒன்றே முக்கால். ஒன்றரை. ஒன்று. முக்கால். ஆறாவது வெள்ளிக்கிழமை அரை விரல். கடவில் நின்ற கூட்டம் அன்றைக்கு ரசலையனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஒரு சொந்தம் இருந்தது. இன்னும் இரண்டு வெள்ளி, அவ்வளவுதான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஏழாவது வெள்ளி, அரை விரல்.

“பரவாயில்ல,” என்றார் ரசலையன்.

எட்டாவது வெள்ளியும் அரை விரல். ஒன்பதாவதும் அரை விரல். பிரகாசி குனியாமலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ரசலையன் பயற்றை விட்டார். அதுவும் போதாதென்று தன் உடம்பில் தேவையில்லாதது எதெல்லாம் என்று பார்த்தார். சட்டைப்பையிலிருந்த கடியாரத்தைக் கழற்றிக் கரையில் கொடுத்தார். அடுத்த வாரம் செருப்பு. அடுத்த வாரம் மீசை. தலைமுடியை ஒட்ட வெட்டினார், நகம் வெட்டினார். வள்ளத்தில் ஏறுமுன் காறித் துப்பினார். உட்கார்ந்தபின் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, பிரகாசி அளவு சொல்லும்வரை உள்ளே இழுக்காமல் இருந்தார். முகம் கத்தரிக்காய் நிறமானது. ஆணி அசையவில்லை.

ஒருநாள் அவருக்கு வள்ளத்தின் மேலேயே ஒரு சந்தேகம் வந்தது. கடற்கரையில் மணல் அள்ளுகிற கம்பெனியில் பெரிய நிறைகோல் இருந்தது. அங்கே போய்த் தன்னை நிறுத்துத் தரச் சொன்னார். குமாஸ்தா தாழ்மையாக மறுத்தார். “கப்பலேறுத சரக்கை மட்டுந்தான் நிறுக்க உத்தரவு சார். நீங்க கப்பலேறுதியளா?”

“வள்ளத்திலயே ஏற முடியல்ல,” என்று சொல்லிவிட்டு ரசலையன் திரும்பி நடந்தார்.

விஷயம் சபைக்கும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஞானதாசன், நோயாளிகளுக்கும் மழைக்கும் ஜெபித்தபின் குரலைத் தாழ்த்தி, “எங்கள் சகோதரனுடைய அந்த அரை விரலையும் ஆண்டவரே நினைத்தருளும்” என்றார். பின்வரிசையில் யாரோ, அந்த மனுசனைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதா, வள்ளத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்பதா என்று மெதுவாகக் கேட்டார்கள். அதைப் பற்றி வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. ரசலையன் விவாதத்தில் கலந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது வெள்ளி சாயங்காலம் அவர் செல்லபாயிடம், “ஏட்டி, மரச்சீனி அவிச்சிரு. போதும்” என்றார்.

செல்லபாய் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. சுவரில் தொங்கிய அவருடைய கோட்டை எடுத்துவந்து மடியில் போட்டாள். “இதில ரெண்டு தடவ பொத்தானை மாத்தி வச்சு தைச்சிருக்கேன். போன மாசம் ஒண்ணு, இந்த மாசம் ஒண்ணு. பாத்தியளா?”

“துணி தளர்ந்திருக்கும்.”

“மோதிரம் கஞ்சிக்கலத்தில விழுந்ததும் துணி தளர்ந்தா?”

“வள்ளம் பொய் சொல்லாது செல்லபாய். வள்ளத்துக்கு எம்மேல என்ன பாசம்?”

“கோட்டுக்கு மட்டும் உங்ககிட்ட என்ன உறவு?”

அவள் கோட்டை மடித்து வைத்துவிட்டு, “எந்திரிச்சு நில்லுங்க. நேரா நில்லுங்க. குனியாம கீழ பாருங்க. என்ன தெரியுது?” என்றாள்.

ரசலையன் நின்றார். பார்த்தார். வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பெருவிரல்,” என்றார் கடைசியில்.

“எத்தனை?”

“ரெண்டும்.”

இரண்டு பெருவிரலும் கடைசியாக எப்போது தெரிந்தன என்று அவருக்கு ஞாபகமில்லை. ஒன்றில் நகம் கறுத்திருந்தது. அது எப்போது அடிபட்டது என்பதும் அவருக்குத் தெரியாது. அவற்றை ஆட்டிப் பார்த்தார். பிறகு, மரச்சீனி வேண்டாம், கஞ்சியே போதும் என்று சொல்லிவிட்டு முற்றத்தில் போய் நடக்க ஆரம்பித்தார். வள்ளத்தையும் அவர் நம்பினார், விரலையும் நம்பினார். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பதை யோசிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அந்த வாரம் முழுவதும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தன் காலைப் பார்த்துக்கொண்டார். பதின்மூன்றாவது வெள்ளியும் அரை விரல்தான். அன்றைக்கு அவர் பெரிதாகச் சங்கடப்படவில்லை என்பதைப் பார்த்துப் பிரகாசிதான் சங்கடப்பட்டாள்.

பதினான்காவது வெள்ளி கார்த்திகை மாதத்தில் வந்தது. ரசலையன் வெறுங்காலோடு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆறு மைல் நடந்து வந்திருந்தார். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தார். அலை அடங்கியது. பிரகாசி, “அரை” என்றாள்.

ரசலையன் தலையை ஆட்டினார். “சரி. நாளையிலேந்து காலைக் கஞ்சியையும் விட்டிருவோம். வர்ற வெள்ளி பாப்போம்” என்று எழுந்தார். எழுந்த வேகத்தில் கண் இருட்டி, ததேயுஸின் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை எவ்வளவு லேசாக இருந்தது என்பது ததேயுஸுக்குத்தான் தெரியும். அவன் முகம் வெளிறிவிட்டது.

“சாரே, இருங்க. கஞ்சியை விடாண்டாம்.”

“ஏன்?”

ததேயுஸ் குனிந்து அமரத்துப் பலகையைத் தூக்கினான். கீழே வலைக்குக் கட்டுகிற கற்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு கிடந்தன.

கடவில் நின்றவர்கள் வள்ளத்தை நோக்கி நெருங்கி வந்தார்கள்.

“ஏழாம் வெள்ளி முதக் கல்லு,” என்றான் ததேயுஸ், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. “பிறவு வாரம் ஒண்ணு. நீங்க மணல்ல நடந்து வரும்போதே கண்ணால நிறுத்துப்போடுவேன். எவ்வளவு குறைஞ்சியளோ அவ்வளவு கல்லு.”

“எட்டு வெள்ளி ஆச்சே. கல்லு ஏழுதானே கிடக்கு?”

“ஐப்பசியில ஒரு வாரம் நீங்க குறையல்ல.”

ரசலையன் யோசித்தார். “அண்ணன் மக கல்யாணம்,” என்றார்.

“நானும் அப்பிடித்தான் நினைச்சேன்.”

“எதுக்கு ததேயுஸ்?”

ததேயுஸ் இடதுகையால் வலது புஜத்தைப் பொத்திக்கொண்டான். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட அவனுடைய அக்காவுக்குச் சின்ன வயதில் யாரோ அம்மை குத்தி, கை புழுத்து, ஆறு மாதம் அவள் அழுததை அடுத்த பாயில் படுத்துக் கேட்டிருக்கிறான். சார் அக்கரை வந்தால் முதலில் பிடிப்பது வள்ளக்காரனைத்தான் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். நடுக்கடலில் சுறா வந்தாலும் அசையாதவன், அந்த ஊசிக்கு மட்டும் பயந்தான்.

கோபப்பட வேண்டும் என்று ரசலையனுக்குத் தோன்றியது. ஆனால் கோபம் வருமுன்னே வேறொன்று வந்துவிட்டது. “அந்தக் கல்லை இஞ்ச எடு,” என்றார். ததேயுஸ் ஒரு கல்லைக் கொடுத்தான். மடியில் வைத்துப் பார்த்தார். “இன்னொண்ணு.” அதையும் வைத்தார். ஏழு கல்லும் மடியில் ஏறியபோது அவருக்கு மூச்சு முட்டியது. “இவ்வளவுமா?” என்று கேட்டார். “இவ்வளவும் எங்கிட்டேருந்து போனதா?”

“ஆமா சாரே.”

ரசலையன் கற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தார். கரையிலிருந்தவர்கள் வரிசையாக வந்து ஒவ்வொரு கல்லையும் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிரகாசி இரண்டாவது கல்லைத் தூக்க முடியாமல் கீழே வைத்து, “கொள்ளாமே” என்று மெச்சினாள். கற்களைக் கரையில் இறக்கியபின் ஆணி தண்ணீருக்கு மேலே ஒன்றரை விரல் நின்றது. ரசலையன் அதை ஒருமுறைதான் பார்த்தார்.

“மணி ஒம்பதாச்சு. அம்மைப்பால் கெட்டுப்போவும். தள்ளு,” என்றார்.

பாதித் தூரம் போனதும் ததேயுஸ் துடுப்பை நிறுத்தினான். இங்கேயே குத்திவிடும்படி கேட்டான். ஊருக்கு முன்னால் கத்தினால் அப்புறம் அங்கே குடியிருக்க முடியாதாம். ரசலையன் பெட்டியைத் திறந்து, அவன் புஜத்தைத் துடைத்து, நான்கு கீறல் கீறிப் பாலைத் தடவினார். “முடிஞ்சுது” என்றபோதும் ததேயுஸ் கண்ணைத் திறக்கவில்லை. வள்ளம் அதன்பாட்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றியது.

மேலத்துறையில் யாரும் ஓடி ஒளியவில்லை. பதினான்கு வாரமாக வராதவர் இன்றைக்கு வருவார் என்று யாரும் நினைக்கவில்லை, ஒளிய நேரமுமில்லை. இறங்கி வருகிற ஒல்லி மனிதரை அவர்களுக்கு அடையாளமும் தெரியவில்லை. வள்ளக்காரனே கையில் கீறலோடு நின்றதைப் பார்த்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உச்சிக்கு முன் நாற்பத்து மூன்று கை முடிந்தது.

குத்து பிடித்ததா என்று எட்டாம் நாள் பார்க்க வேண்டும். ரசலையன் மறுபடி போனார். நாற்பத்து மூன்று கையிலும் கொப்புளம் நன்றாக எழும்பியிருந்தது. கடைசியாக ததேயுஸின் சட்டைக்கையை உருட்டிப் பார்த்தார். கீறல் ஆறி, தோல் சுத்தமாக இருந்தது.

“உனக்குப் பிடிக்கல்ல ததேயுஸ். இன்னொரு தடவ குத்தணும்.”

ததேயுஸ் கையை இழுத்துக்கொண்டான். “இனியும் பிடிக்கல்லேன்னா?”

“அதுக்கடுத்த வாரம் வருவேன்,” என்றார் ரசலையன். “எனக்கு வெள்ளிக்கிழமை வேற வேலையில்ல.”

ததேயுஸ் மணலில் உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினான்.